ஆறு மூடியில் ஒன்று மட்டும் தண்ணீர் கேட்கவில்லை என்றால்

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. குன்னத்தூர் பக்கத்தில் தோட்டத்துக்குள்ளேயே எங்கள் வீடு. இன்வெர்ட்டரில் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி, வாங்கி நாலரை வருசம் ஆச்சு. முன்பு இரண்டு ஃபேனும் மூன்று லைட்டும் ஐந்து மணி நேரம் ஓடும். இப்போது 20 நிமிடத்தில் கத்த ஆரம்பிக்கிறது. டிராக்டர் பேட்டரி 88 ஏஎச், இரண்டு வருசம்தான் ஆகிறது. மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் தை மாதத்திலிருந்து ஆனி வரை வண்டியை யாரும் எடுக்கவில்லை. இப்போது சாவி போட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடையில் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். இன்வெர்ட்டருக்கு மட்டும் 16,000 ரூபாய், பழசைக் கொடுத்தால் 3,000 கழித்துக்கொள்வார்களாம். ஊருக்குள் வருகிற ஒருவர், ‘4,500 கொடுங்கள், ரெண்டுக்கும் ஆசிட் மாற்றிப் புதுசாக்கித் தருகிறேன், ஆறு மாசம் கேரண்டி’ என்கிறார். கொழுந்தனார் மகன் எப்சம் உப்பு கரைத்து ஊற்றினால் போதும் என்கிறான். ஆசிட்டின் கனத்தை அளக்கும் ஹைட்ரோமீட்டர் வாங்கி நானே அளந்து பார்த்தேன். டிராக்டரில் ஆறு செல்லும் 1130-லிருந்து 1145-க்குள் இருக்கிறது. இன்வெர்ட்டரில் ஐந்து செல் 1205 முதல் 1220 வரை; பிளஸ் பக்கமிருந்து மூன்றாவது மட்டும் 1090. அதைத்தான் நல்ல செல் என்று நினைத்திருந்தேன். மற்றதெல்லாம் மாசாமாசம் தண்ணீர் கேட்கும், அது கேட்கவே கேட்காது. இன்னொன்றுங்க, இதற்கு முந்தைய டிராக்டர் பேட்டரி உடைந்து கட்டுத்தரை ஓரமாகக் கிடக்கிறது. அதையும் உயிர்ப்பிக்க வழியுண்டா?

பதில்: அம்மணி, வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். கட்டுத்தரை ஓரம் கிடக்கும் அந்த உடைந்த பேட்டரியை இன்றைக்கே அங்கிருந்து எடுத்துவிடுங்கள். உடைந்த பெட்டிக்குள் இருப்பது ஈயமும் ஈய உப்பும். மாடு புதுப்பொருளைக் கண்டால் நக்கிப் பார்க்கும், கடித்துப் பார்க்கும். பேட்டரிப் பிளேட்டை நக்கிய மாடு கண் தெரியாமல் தடுமாறும், பல்லை நறநறவென்று கடிக்கும், தலையைச் சுவரில் முட்டி அழுத்திக்கொண்டு நிற்கும். பல சமயம் வைத்தியர் வந்து சேர்வதற்குள் போய்விடும். உலகம் முழுவதும் கால்நடைகளுக்கு ஈய விஷம் ஏறுவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தோட்டத்தில் போட்டு வைத்த பழைய பேட்டரிதான். கையுறை போட்டு, உடைந்த துண்டுகளையும் சேர்த்து, கசியாத பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து மூடுங்கள். அது கிடந்த இடத்து மேல்மண்ணை வழித்தெடுத்துத் தனியாக ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். தோட்டத்து மண்ணில் கலந்துவிட வேண்டாம். அங்கே முளைத்த புல்லை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடாதீர்கள். அந்தப் பேட்டரிக்கு உயிர் வராது. பழைய பேட்டரிக் கணக்கில் கடைக்குக் கொடுத்துவிடலாம், அதைக் கீழே சொல்கிறேன்.

சரி, இப்போது உயிர் இருக்கிற இரண்டையும் பார்ப்போம். நீங்கள் ஹைட்ரோமீட்டர் வாங்கி ஆறு செல்லையும் தனித்தனியாக அளந்து எழுதியிருக்கிறீர்கள். என் பட்டறைக்கு வருபவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இதைச் செய்வதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததுமே இரண்டு பேட்டரிக்கும் வெவ்வேறு நோய் என்று தெரிந்துவிட்டது. ஒன்றைக் காப்பாற்ற முயன்று பார்க்கலாம். மற்றதில் காசைக் கொட்டாதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு சின்னப் பேட்டரிகள் வரிசையாகக் கோர்த்தது. ஒவ்வொரு செல்லும் இரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே தரும். உள்ளே பிளஸ் பிளேட் சாக்லேட் நிறத்தில் ஈய ஆக்சைடு; மைனஸ் பிளேட் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோன்ற ஈயம்; நடுவில் கந்தக ஆசிட்டும் தண்ணீரும். கரண்ட் எடுக்க எடுக்க ஆசிட்டில் உள்ள கந்தகம் இரண்டு பிளேட்டிலும் போய் ஒட்டி ஈய சல்ஃபேட்டாக மாறும், ஆசிட் நீர்த்துப்போகும். சார்ஜ் ஏற்றினால் ஒட்டியது கழன்று மறுபடி ஆசிட்டுக்கே திரும்பும். ஹைட்ரோமீட்டர் அளப்பது இந்த ஆசிட்டின் கனத்தை. கருவியில் 1.240 என்று எழுதியிருக்கும்; தொழிலில் நாங்கள் புள்ளியை விட்டுவிட்டு 1240 என்போம், நீங்களும் அப்படியே எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் வெயிலுக்கு டியூபுலர் பேட்டரி முழுச் சார்ஜில் 1240 காட்டும். வண்டி பேட்டரி என்றால் 1250-க்கும் 1280-க்கும் நடுவில். எவ்வளவு என்று பேட்டரியோடு வரும் அட்டையில் இருக்கும்.

இப்போது ஒட்டிய சல்ஃபேட் பற்றி. அது ஒட்டிய புதிதில் மாவு மாதிரி இருக்கும், சார்ஜ் போட்டதும் கரைந்துவிடும். அப்படியே மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் விட்டால் சின்னத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய, கெட்டியான படிகமாகிவிடும். ஆலையில் புதிதாக வார்த்த சர்க்கரையும் மழைக்காலத்தில் மூட்டைக்குள் கட்டிபட்டுப்போன சர்க்கரையும் ஒரே பொருள்தான். கரைவதற்கு ஆகும் நேரம் ஒன்றா? இந்த நோய்க்குத்தான் சல்ஃபேஷன் என்று பெயர். உங்கள் டிராக்டர் பேட்டரிக்கு வந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். ஆறு செல்லும் ஏறத்தாழ ஒரே அளவில் இறங்கியிருப்பது நல்ல அறிகுறி. ஆறுக்கும் ஒரே கஷ்டம், பட்டினி. தையிலிருந்து ஆனி வரை, நடுவில் பங்குனி சித்திரை வெயில் வேறு. சூடு ஏற ஏற, சும்மா நிற்கும் பேட்டரி தானாக இறங்குவதும் வேகமாகும். போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மழைக்காலத்தில் ஓட்டமில்லாமல் நின்றுவிட்டு இதே நிலையில்தான் எங்களிடம் வரும். அவற்றில் பலதை எழுப்பி அனுப்பியிருக்கிறேன்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் கதை வேறு. ஐந்து செல் 1210 பக்கம், ஒன்று மட்டும் 1090. அந்த ஒரு செல்தான் மற்ற ஐந்தையும் படுக்க வைக்கிறது. அது தண்ணீர் கேட்காததை நல்ல குணம் என்று நினைத்தீர்கள். உண்மையில் அதுதான் முக்கியமான நோய்க்குறி. சார்ஜ் நிறைந்த செல்லில்தான் தண்ணீர் பிரிந்து குமிழாக வெளியேறும், அதனால்தான் மாதாமாதம் மட்டம் குறைகிறது. உள்ளே பிளஸ் பிளேட்டும் மைனஸ் பிளேட்டும் எங்கோ தொட்டுக்கொண்டு ஷார்ட் ஆன செல்லுக்குச் சார்ஜே ஏறாது; ஏறாத செல்லில் குமிழும் வராது, தண்ணீரும் குறையாது. அந்தச் செல் வாங்காத வோல்ட்டையும் சேர்த்து மற்ற ஐந்தும் வாங்கிக்கொள்வதால் அவை அளவுக்கு மேல் கொதித்து, அடிக்கடி தண்ணீர் கேட்கும். உங்கள் வீட்டில் நடந்தது அதேதான்.

ஒரு கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள், கடையில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்ணை 1.210 என்று புள்ளியோடு எடுத்து 0.84 கூட்டினால், அந்தச் செல் ஓய்வில் இருக்கும்போது தரும் வோல்ட் கிட்டத்தட்ட வந்துவிடும். உங்கள் இன்வெர்ட்டரில் ஐந்து செல்லுக்கு 2.05 வீதம் 10.25, அந்த மூன்றாவது செல்லுக்கு 1.93. கூட்டினால் 12.2 வோல்ட். மல்டிமீட்டர் வைத்துப் பார்ப்பவர், ‘12.2 இருக்கே, பேட்டரி பரவாயில்லை’ என்பார். ஆனால் ஃபேனைப் போட்ட கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு செல் பூஜ்யத்துக்கு வந்து, அதற்குக் கீழே தலைகீழாகவும் திரும்பிவிடும். மற்ற ஐந்தும் இழுத்துக் கொடுப்பதை இது தின்றுவிடும். மொத்தம் 10.5 பக்கம் இறங்கியதும் இன்வெர்ட்டர் கத்தி நின்றுவிடும். அந்தக் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் இறைத்த கவலை ஏற்றத்தில் பூட்டிய இரண்டு எருதில் ஒன்று படுத்துக்கொண்டால் சால் மேலே வராது. இன்னொரு எருது எவ்வளவு நல்ல எருதாக இருந்தும் பயனில்லை.

தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள். இன்வெர்ட்டர் சார்ஜில் இருக்கும்போது, நாலைந்து மணி நேரம் கழித்து, ஜன்னலைத் திறந்து வைத்து ஆறு மூடியையும் கழற்றிப் பாருங்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சற்றுத் தள்ளி நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்தில் சோடா பாட்டில் திறந்தது போலப் பொடிக் குமிழ் கிளம்பும். மூன்றாவது சும்மா கிடந்தால் சந்தேகம் பாதி தீர்ந்தது. ஹைட்ரோமீட்டரில் அந்த ஒரு செல் ஆசிட்டை உறிஞ்சி வெளிச்சத்தில் பிடியுங்கள். தெளிவாக இல்லாமல் வடிகட்டாத காபி மாதிரி பழுப்பு மண்டியோடு வந்தால் பிளஸ் பிளேட்டின் ஈய ஆக்சைடு மாவு கொட்டிவிட்டது என்று பொருள். முழுச் சார்ஜுக்குப் பிறகு பேட்டரி வயரைக் கழற்றி ஒரு நாள் அப்படியே வைத்து மறுபடி அளந்து பாருங்கள். மற்றவை நின்ற இடத்திலேயே நிற்க, அது மட்டும் கீழே இறங்கியிருந்தால் ஷார்ட் என்பது முடிவு. அதற்கு வெளியிலிருந்து ஊற்றும் எந்த மருந்தும் கிடையாது.

நான் 1980-களின் கடைசியில் தொழில் கற்றபோது பேட்டரிப் பெட்டி கறுப்பு ரப்பரில் வரும், மேலே தார் ஊற்றி அடைத்திருக்கும். செல்லுக்குச் செல் இணைக்கும் ஈயப் பட்டை வெளியிலேயே தெரியும். ஒரு செல் போனால் தாரைச் சூடாக்கிப் பெயர்த்து, அந்தச் செல்லின் பிளேட் கட்டை மட்டும் தூக்கிவிட்டு வேறு வைத்து, பட்டையை ஈயத்தால் பற்ற வைப்போம். இரண்டு வருசம் ஓடும். இப்போதைய பெட்டி பிளாஸ்டிக். மூடியை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள், செல் இணைப்பு உள்சுவர் வழியாகப் போகிறது. அறுத்துத் திறந்தால் மறுபடி பழையபடி மூட முடியாது. கசியும், ஒரு செல் ஆசிட் இன்னொரு செல்லுக்குப் போகும். பழைய வேலை தெரிந்த கை என்பதால் எனக்கு இது வருத்தம்தான். ஆனாலும் உங்களிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியை மாற்றுங்கள்.

இனி அந்த 4,500 ரூபாய்க்காரர். அவர் செய்யப்போவது என்ன என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் செய்திருக்கிறேன். பேட்டரியைக் கவிழ்த்துப் பழைய ஆசிட்டைக் கொட்டுவார். கழுவுவார். 1250-ல் புது ஆசிட் ஊற்றி ஒரு ராத்திரி சார்ஜ் போடுவார். மறுநாள் ஹைட்ரோமீட்டரில் மிதவை மேலே நிற்கும், மீட்டர் 12.7 காட்டும், வீட்டுக்காரருக்கு மனம் நிறைந்துவிடும். உங்கள் டிராக்டரில் ஆசிட் எங்கும் தொலைந்து போகவில்லை அம்மணி. பிளேட்டில் சல்ஃபேட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றாமல் மேலே புது ஆசிட் ஊற்றினால் அளவு மட்டும் பொய்யாக ஏறும். பின்னால் சார்ஜ் ஏறி, ஒட்டியதும் கழன்று வந்து சேரும்போது ஆசிட் வேண்டியதற்கு மேல் கடுமையாகி, பிளேட்டின் ஈயக் கம்பியை அரிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. வருசக்கணக்கில் அடியில் படிந்த மண்டி, கவிழ்க்கும்போது எழும்பிப் பிளேட்டுக்கு இடையில் போய் மாட்டும். ஒரு முறை, ஒரு செல்லும் கெடாத லாரி பேட்டரியை நான் கவிழ்த்துக் கழுவிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் சங்ககிரிப் பக்கத்தில் நடுராத்திரி வண்டி நின்றுவிட்டது. திறந்து பார்த்தபோது இரண்டு செல்லில் மண்டி சிக்கி ஷார்ட். அந்தப் பேட்டரி கெட்டது என் கையால். அதற்குப் பிறகு வாடிக்கையாளர் பேட்டரியை நான் கவிழ்த்ததில்லை. கொட்டிய ஆசிட் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். ஈயம் கலந்த அந்தத் தண்ணீர் உங்கள் வாசல் மண்ணில்தான் இறங்கும். பேட்டரியில் ஆசிட்டே ஊற்றக்கூடாதா என்றால், கவிழ்ந்து கொட்டிப்போனால் தவிர, கூடாது. தண்ணீர் மட்டும்தான்.

எப்சம் உப்புக்கு வருகிறேன். உங்கள் கொழுந்தனார் மகனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஆசைக்கு வயது அதிகம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் ஏ.டி.-எக்ஸ்2 என்று ஒரு பொடி விற்றது. அதில் பெரும்பகுதி சோடியம் சல்ஃபேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும். மெக்னீசியம் சல்ஃபேட்தான் எப்சம் உப்பு. செத்த பேட்டரியை எழுப்பும் என்று விளம்பரம். அந்நாட்டு அரசின் தர நிர்ணய ஆய்வுக்கூடம் சோதித்துப் பார்த்து, ஒரு பலனும் இல்லை என்றது. விற்பவர் அரசியல் பக்கம் போய் முறையிட, 1953-ல் ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஆலன் ஆஸ்டினைப் பதவியிலிருந்து விலகச் சொன்னார்கள். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்ததால் அவரை மறுபடி பதவியில் வைக்க வேண்டியதாயிற்று. அங்குள்ள தேசிய அறிவியல் கழகம் குழு போட்டுப் பார்த்து, ஆய்வுக்கூடம் சொன்னதே சரி என்றது. ஒரு பொட்டலம் உப்புக்காக ஒரு நாட்டில் இவ்வளவு நடந்திருக்கிறது.

அப்படியானால் எப்சம் உப்பு வீடியோக்களில் பேட்டரி எழுந்து காட்டுகிறதே, எப்படி? கவனித்துப் பாருங்கள், உப்பு ஊற்றியவர் அடுத்து என்ன செய்கிறார்? இரண்டு நாள் மெதுவாகச் சார்ஜ் போடுகிறார். எழுப்பியது அந்த மெதுவான சார்ஜ்தான். உப்பு இல்லாமலே அது எழுந்திருக்கும். கரண்டை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் பல்ஸ் கருவி என்று விற்கிறார்களே, அதையும் இதே கண்ணோடு பாருங்கள். லேசான சல்ஃபேஷனுக்கு ஓரளவு உதவும். ஷார்ட் ஆன செல்லுக்கும் மாவு கொட்டிய பிளேட்டுக்கும் ஒன்றும் செய்யாது. வீட்டுக்கு ஒரு பேட்டரி வைத்திருப்பவர் அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து.

இனி டிராக்டர் பேட்டரி. பொறுமை இருந்தால் செலவு அதிகமில்லை. முதலில் மைனஸ் வயர், பிறகு பிளஸ் வயர் என்று கழற்றுங்கள். மாட்டும்போது பிளஸ் முதலில். வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டுத் தீ பறக்கும். டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை, மூடிகள் இறுக்கமாக இருக்கும்போதே, ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடையுங்கள். சோடாத் தண்ணீர் உள்ளே ஒரு சொட்டும் இறங்கக்கூடாது, அது ஆசிட்டைக் கொன்றுவிடும். அப்புறம் மூடியைத் திறந்து, பிளேட் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். மேல்கோடு வரை இப்போதே நிரப்பாதீர்கள், சார்ஜில் மட்டம் உயர்ந்து வழியும். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர் விஷயத்தில் நம் பக்கத்து ஆட்களிடம் நான் எப்போதும் சண்டை போடுகிறேன். ஆயிரம் அடி போர்த் தண்ணீர் பாத்திரத்திலேயே வெள்ளையாகப் படிகிறது. அதைப் பேட்டரிக்குள் ஊற்றினால் அதிலுள்ள குளோரைடும் இரும்பும் பிளேட்டைத் தின்னும், நின்ற இடத்திலேயே சார்ஜ் இறங்கும். கேன் தண்ணீரும் சுத்தமில்லையா என்கிறார்கள். குடிக்கச் சுத்தம்தான், பேட்டரிக்கு இல்லை. உப்பு முழுசாகப் போயிருக்காது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் தூசியும் உலோகமும் கலந்திருக்கும். பேட்டரிக் கடையில் சீல் வைத்த டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி, அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் புனல் வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜை வீட்டில் போட வேண்டாம். பெருந்துறையிலோ கோபியிலோ பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர், ஆம்பியர் குமிழ் வைத்தது, உள்ள கடையில் கொண்டுபோய்ப் போடுங்கள். இப்போது வருகிற ஆட்டோமேட்டிக் சார்ஜர் இந்த வேலைக்கு ஆகாது. சல்ஃபேட் கெட்டியான பேட்டரியில் போட்டதும் வோல்ட் விறுவிறுவென்று 15-க்கு மேல் ஏறும், கரண்ட் ஓடாது. ஆட்டோமேட்டிக், ‘சார்ஜ் நிறைந்தது’ என்று நின்றுவிடும். கடைக்காரரிடம், ‘அவசரமில்லை, 4 ஆம்பியருக்கு மேல் தூக்காதீர்கள், கொதிக்க ஆரம்பித்ததும் 2-க்கு இறக்குங்கள், இரண்டு மூன்று நாள் ஆனாலும் பரவாயில்லை’ என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் ஒரே ராத்திரியில் 10 ஆம்பியர் ஏற்றிக் கொடுக்கத்தான் பார்ப்பார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி ஏற்றினால் படிகம் கரைவதற்குள் சூடு ஏறிப் பிளேட் வளைந்துவிடும். கைவைத்தால் சுடுகிற அளவு, அதாவது 45 டிகிரி தாண்டினால், நிறுத்தி ஆற வைத்துத் தொடர வேண்டும்.

சில மணி நேரத்தில் ஒன்றைக் காணலாம். ஏறி நின்ற வோல்ட் மெல்ல இறங்கும், ஓடாத கரண்ட் ஓட ஆரம்பிக்கும். இத்தனை வருசத்துக்குப் பிறகும் அந்த முள் அசைவதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். சல்ஃபேட் கரைகிறது, பிளேட் மூச்சு விடுகிறது என்பதன் அடையாளம் அது. அதன் பிறகு ஹைட்ரோமீட்டர் 1150, 1180, 1210 என்று படிப்படியாக ஏறும். மணிக்கு ஒரு முறை அளந்து, அடுத்தடுத்து மூன்று முறையும் ஒரே எண்ணில் நின்றால் சார்ஜ் முடிந்தது. 1240-ஐத் தாண்டினால் மிக நல்லது. 1190-லேயே முரண்டு பிடித்து நின்றால் படிகம் மிகவும் கெட்டிப்பட்டுவிட்டது.

முழுச் சார்ஜ் காட்டுவதால் மட்டும் பேட்டரி பிழைத்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். எவ்வளவு சேமித்து வைக்கிறது என்று பார்க்க வேண்டும். 88 ஏஎச் என்பதன் பொருள், 4.4 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் கொடுக்கும் என்பது. ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பு ஏறத்தாழ அந்த அளவுதான் எடுக்கும். பேட்டரியில் அந்தப் பல்பை மாட்டி, மீட்டர் 10.5 வோல்ட்டுக்கு வரும்வரை எத்தனை மணி நேரம் என்று குறியுங்கள். 10.5 வந்ததும் உடனே கழற்றி, அன்றைக்கே மறுபடி மெதுவாகச் சார்ஜ் போட வேண்டும். முதல் தடவை 9 மணி நேரமும் இரண்டாம் தடவை 12-ம் வந்தால் பேட்டரி திரும்பிக்கொண்டிருக்கிறது. 12, 13 மணி நேரம் தாங்கினால் டிராக்டர் கிளப்ப அது போதும். சாவி திருப்பி ஸ்டார்ட்டர் சுற்றும்போது டெர்மினலில் 9.5 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் இருந்தால் இன்னும் ஓரிரு வருசம் ஓட்டலாம். இரண்டு தடவை செய்தும் 8 மணி நேரத்தைத் தாண்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். இது வண்டி பேட்டரி, முழுசாக இறக்கி ஏற்றுவதை அடிக்கடி தாங்காது. அதனால் மூன்றாவது தடவைக்கு மேல் நானே செய்யமாட்டேன். வண்டியில் மாட்டியபின், இன்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8-லிருந்து 14.4-க்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் குற்றம், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்ட்டர்னேட்டர் பக்கம், அல்லது பெல்ட் தொய்ந்திருக்கும்.

இதில் எதைச் செய்தாலும் கண்ணாடி போட்டுச் செய்யுங்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி. சார்ஜில் வரும் குமிழில் ஹைட்ரஜன் இருக்கிறது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஆயுத பூஜை அன்று சார்ஜில் இருக்கிற பேட்டரிக்கே சூடம் காட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். பொட்டும் பூவும் வையுங்கள், சூடத்தை வண்டியின் முன்பக்கம் காட்டுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சாமி அறைக்குக் கீழே இருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

புது இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கும்போது தயாரித்த மாதத்தைக் கேளுங்கள். கடையிலேயே அரை வருசம் கிடந்தது வேண்டாம். இன்வெர்ட்டரின் பின்னால் டியூபுலருக்கு என்று தனி சுவிட்ச் இருந்தால் அதில் வைக்கச் சொல்லுங்கள். 2012-ல் நம் பக்கம் நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாதபோது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வந்தது. அன்று பேட்டரிகள் உழைத்து உழைத்துத் தேய்ந்தன. இன்று கரண்ட் அவ்வளவாகப் போவதில்லை, அதனால் யாரும் மூடியைத் திறந்தே பார்ப்பதில்லை. தண்ணீர் வற்றிப் பிளேட் காய்ந்து போகிறது. அமாவாசைக்கு அமாவாசை வீடு கழுவும் நாளில் தண்ணீர் மட்டத்தையும் பாருங்கள். பேட்டரி ஓரம் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, எந்தச் செல் எவ்வளவு குடித்தது என்று எழுதிவைத்தால், ஒரு செல் குடிப்பதை நிறுத்திய மாதமே தெரிந்துவிடும்.

பழைய இரண்டையும், அதாவது இன்வெர்ட்டர் பேட்டரியையும் உடைந்ததையும், புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்துக் கழிவைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேர்த்து முறையாக உருக்க அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. தெருவில் வருகிற இரும்பு வியாபாரி நூறு, இருநூறு அதிகம் தருவார். அவர் எங்கே கொண்டுபோவார் என்று நினைத்துப் பாருங்கள். எங்கோ ஒரு தோட்டத்து மூலையில் கோடாலியால் உடைத்து, ஆசிட்டை மண்ணில் கொட்டி, ஈயத்தை அடுப்பில் உருக்குவார்கள். அந்தப் புகை பட்ட குழந்தைகளின் மூளை வளர்ச்சி கெடும். குழந்தைகள் உடம்பில் இவ்வளவு ஈயம் இருக்கலாம் என்று பாதுகாப்பான அளவு எதுவும் கிடையாது.

டிராக்டரை மறுபடி மாதக்கணக்கில் நிறுத்த நேர்ந்தால் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள், மாதம் ஒரு தடவை கடையில் சார்ஜ் போட்டு வாருங்கள். வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் கிளப்பி அணைப்பது போதாது, கிளப்ப எடுத்த கரண்ட்டே அதில் சரியாகத் திரும்பாது. முதல் சார்ஜ் முடிந்ததும் ஆறு செல் அளவையும், பல்பு எத்தனை மணி நேரம் எரிந்தது என்பதையும் எழுதி அனுப்புங்கள். இரண்டாம் தடவை இறக்கி ஏற்றலாமா வேண்டாமா என்று பார்த்துச் சொல்கிறேன். மாமனார் உடம்பு இப்போது தேவலையா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.